ஆறாட்டு நடந்த குழி

1

சென்ற நவம்பர் முதல் நாள் நம் தமிழ்த் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அங்கே ஊரில் நீங்கள் கொண்டாடியிருப்பீர்கள். கடல் கடந்து மலாயாவில், பேராக் பகுதியின் ஈயச் சுரங்க ஊரொன்றில் இருக்கும் நாங்களும் கொண்டாடினோம். நாஞ்சில் நாட்டார் இங்கே மிகச் சிலர். ஒரே பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து எழுந்துவிடலாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் விளக்கேற்றிப் பாயசம் வைத்தோம். இனி நம் ஊர்ச் சர்க்கார் கச்சேரியில் நம் மொழியிலேயே மனு எழுதலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தோம்.

முடிவில் என்னைப் பதிகம் பாட அழைத்தார்கள். இவ்வூர்க் கோயிலில் நெடுங்காலமாகப் பாடி வருபவன் நான். எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகன் வியப்போடு என்னைப் பார்த்தான். அவன் இங்கே ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியன். அன்று விடியற்காலை பூசையறையில் நான் பாடியதை அவன் கேட்டிருந்தான்.

தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. பலர் நடுவே நின்று இறைவன் பெயரைப் பாட எனக்கு வெட்கமாக இருக்கிறது. சென்ற பங்குனி மாதத்திலிருந்து அப்படித்தான். அந்த வெட்கம் எங்கே பிறந்தது என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிய வேண்டும். ஏனெனில் அது என் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று.

2

நான் இங்கே சுரங்க அலுவலகத்தில் கிராணி. குமாஸ்தாவை இந்நாட்டில் அப்படி அழைப்பார்கள். சுரங்கம் என்றதும் மண்ணுக்கடியில் குடைந்து செல்லும் வழியை நினைக்க வேண்டாம். மேல்மண்ணை உரித்துத் தள்ளி, அடிமண்ணை நீர் பீய்ச்சிக் கரைத்து, வெள்ளீயத்தை அரித்தெடுப்பதே இங்குள்ள முறை. ஈயம் தீர்ந்ததும் அடுத்த நிலத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். விட்டுச் சென்ற பள்ளத்தில் மழை நிரம்பும். அதற்கு ஈயக்குட்டை என்று பெயர். எங்கள் குடியிருப்பைச் சுற்றி அப்படிப் பல குட்டைகள். தாமரை பூத்து, வாத்துகள் நீந்தி, தூரத்திலிருந்து பார்க்க அழகாகவே இருக்கும். கரையில் போய் நின்றால்தான் காலடியில் மண் இளகுவது தெரியும்.

சர்க்கார் இன்ஸ்பெக்டர் ஆண்டுதோறும் வருவார். பழைய பள்ளங்களை மூடியாயிற்றா என்று கேட்பார். வேலை நடைபெறுகிறது என்று ஆண்டுதோறும் ஒரே விடை போகும். அந்த விடையை எழுதி எடுத்துக் கொடுப்பது என் வேலை. குழி தோண்டியவர் வீட்டுச் சோறு எனக்குப் புதிதன்று. ஊரில் நடந்ததைச் சொல்லும்போது நான் மேட்டில் நின்று பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

3

சென்ற தை மாதம் நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்தேன். போருக்கு முன் வந்து போனவன். என் தம்பி நாகலிங்கம் வடசேரி பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனான். எங்கள் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். ஊர் மகாதேவர் கோயில் கமிட்டிக்கும் அவனே தலைவன். சந்தை என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய் 'பசார்' என்றது. தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் சட்டையின் வெட்டு, நான் தேநீர் கேட்கும் நேரம், எல்லாமே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தன. மகன் ஏன் கூட வரவில்லை என்று கேட்டபோது மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. அவனுக்கு வர விருப்பமில்லை என்பதை எந்த மொழியில் சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு ஒன்று இருந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பனையும் தாழையும் அடர்ந்து, கடற்காற்றை வடிகட்டி ஊருக்குள் அனுப்பிய மேடு. பங்குனி உற்சவத்தின் கடைசி நாள் மகாதேவரை அந்த மேட்டின் மீதாகக் கடலுக்கு எடுத்துச் சென்று நீராட்டுவோம்; அதுதான் ஆறாட்டு. சுடுமணலில் கால் பொரியப் பாடிக்கொண்டு நடந்த அந்த வழியில்தான் எனக்குப் பதிகங்கள் மனப்பாடமாயின.

இப்போது மேடு இல்லை. அது இருந்த இடத்தில் நீளமாக ஒரு நீர்ப்பரப்பு வெயிலில் மின்னியது. என்ன இது என்று கேட்டேன்.

"கருமணல் எடுத்த எடம் அண்ணாச்சி. இனி நம்ம மகாதேவருக்க கொளமாக்கும்," என்றான் தம்பி.

எனக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் கோயிலுக்குக் குளம் இல்லை என்பது என் தகப்பனார் காலத்துக் குறை. பாடல்பெற்ற தலங்களின் தீர்த்தங்களைப் பற்றியே பாடிப் பழகியவனுக்குத் தன் ஊரிலும் ஒரு தீர்த்தம் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். காண்டிராக்டர் ஒருவர் சர்க்காரிடம் குத்தகை எடுத்து, மேட்டைப் பட்டை பட்டையாக உரித்து, தாது நிறைந்த கருமணலை வாரி விற்றுவிட்டார். தோண்டிய இடத்தை மண்ணிட்டு நிரப்பி, மணல் அரிக்காமல் மரம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனை. மணல் தீர்ந்ததும் அவர் எந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பள்ளத்தில் மழையும் கடலின் ஊற்றும் சேர்ந்தன. அதன் தென்கரையில் பொன்னம்மை என்பவளின் மண்சுவர் வீடு. விக்கிரகம் இல்லாமல் வழிபடும் அய்யாவழிக் குடும்பம், கணவன் பனையேறி. மேடு போனதும் அவனுக்கு ஏறப் பனை இல்லை. கொல்லத்தில் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவர்கள் கிணறு உப்பாயிற்று. முந்தைய ஐப்பசி மழையில் கரை சரிந்து, வீட்டின் அடுக்களை குழிக்குள் போயிற்று. பொன்னம்மை நாகர்கோவிலுக்கு நடந்து, கோர்ட்டு வாசலில் மனு எழுதி வாங்கி, கைநாட்டு வைத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினாள். சுரங்க இலாகா அதிகாரி பார்வையிட வரும் நாளும் குறிக்கப்பட்டது.

அந்த நாளுக்கு முந்தைய நாள் ஆறாட்டு. அந்த ஆண்டு சுவாமி கடலுக்குப் போகவில்லை, குழிக்குப் போனார்.

மேளம் முழங்க, புதுச் செப்புத் தகடு போர்த்திய கொடிமரம் பளபளக்க, ஊர் முழுவதும் திரண்டது. தகடு யார் உபயம் என்று கேட்டதற்கு ஒரு பக்தர் என்றான் தம்பி. பூசை செய்யும் போற்றி விக்கிரகத்தோடு நீரில் இறங்கினார். நான் முன்னின்று பாடினேன். ஊரார் என் பின்னால் பாடினார்கள். மூழ்கி எழுந்த திருமேனியிலிருந்து நீர் வழிந்தபோது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. எதிர்க்கரையில், இடிந்த சுவரை ஒட்டி, ஒரு பெண் கைகூப்பி நிற்பதைக் கண்டேன். வாசலிலேயே இறைவன் வந்து நீராடும் பேறு யாருக்குக் கிட்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

4

அன்று மாலை தம்பி என்னிடம் விஷயத்தைச் சொன்னான். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மலையாளத்து அதிகாரி வருகிறான், நம் குளத்தை மூடச் சொல்கிறான் என்றான். சுவாமி நீராடிய நீர் தீர்த்தம். தீர்த்தத்தில் மண்ணைப் போட நம் பக்கத்தில் யாரும் துணியமாட்டார்கள். ஆகவே இனி அது மணற்குழி என்ற பேச்சே எழாது. இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்றான்.

"சின்னதுல இங்க ஒரு கொளம் கெடந்துதுன்னு சொன்னா போரும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்."

குளம் இருந்ததில்லையே என்றேன்.

"பள்ளம் வல்லதும் கெடந்திருக்கும் அண்ணாச்சி. நமக்கு ஓர்மை இருக்காது."

பொன்னம்மையின் வீட்டைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டு, அதற்கு என்ன வழி என்று கேட்டேன். அவளுக்குக் கோயில் புறம்போக்கில் வேறு இடம் தருவதாகச் சொல்லியாயிற்று, அசையமாட்டேன் என்கிறாள் என்றான். பிறகு, "கோயிலுக்கு ஒரு கொளம் சும்மா கெடைக்கு. அத வேண்டாம்னா சொல்லுகது?" என்றான். அவன் திருடன் அல்லன். அந்தக் கேள்வியை அவன் மனப்பூர்வமாகவே கேட்டான். அதுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது.

மறுநாள் ஜீப்பில் வந்த அதிகாரி இளைஞர். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகப் பேசினார். காண்டிராக்டரும் வெள்ளை வேட்டியில் வந்து ஒதுங்கி நின்றிருந்தார். கொடிமரத்துக்குச் செப்புத் தகடு கொடுத்த பக்தர் அவரே என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. கமிட்டியே அவருக்காகப் பேசியது. இது சுரங்கம் அன்று, கோயில் குளம். நேற்றுத்தான் ஆறாட்டு நடந்தது. ஒரு கூடை மண் விழுந்தாலும் ஊர் பொறுக்காது என்றான் தம்பி. கூட்டத்தில் ஒருவர், "ஏமானுக்குத் தமிழன் சாமி கண்ணுக்குத் தெரியாதுல்லா," என்றார். சிரிப்பு எழுந்தது. அதிகாரியின் முகம் சுருங்கிற்று. தன் ஊரிலும் ஆறாட்டு உண்டு, தானும் சிறுவயதில் விளக்குப் பிடித்தவன் என்று மட்டும் அவர் சொன்னார். ராஜ்யப் பிரிவினைப் பேச்சு நாடெங்கும் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நியாயமான ஒரு கோபத்தைக் குழியை மறைக்கும் தட்டியாக நிறுத்தியதைக் கண்டு நான் தலை குனிந்தேன்.

பொன்னம்மை கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தாள். தம்பி அவளைப் பார்த்து, சாமி வந்து குளித்த இடத்தின் மேலா மனுக் கொடுக்கிறாய் என்று கேட்டான்.

"எனக்க அடுக்களை போன ஐப்பசியிலேயே இதுல ஆறாடியாச்சு," என்றாள் அவள். "அதுக்கு யாரும் கொட்டடிக்கல்ல."

அதிகாரி, இது எப்போது முதல் குளம் என்று கேட்டார். தம்பி என்னைக் காட்டினான். மலாயாவிலிருந்து வந்தவர் என்றதும் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"இங்க கொளம் இருந்ததே இல்ல. பனையும் தாழையும் நின்ன மேடு. இது மணல் எடுத்த குழியாக்கும்."

அவ்வளவுதான். முந்தைய நாள் என் பின்னால் பாடிய அத்தனை முகங்களும் என்னை விட்டுத் திரும்பின. "கப்பலேறி வந்து சாமிக்க கொளத்த மூடிட்டுப் போறாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தம்பி வீட்டுக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

அங்கே நின்றவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அடுக்களை இடிந்த அன்று பொன்னம்மைக்கு ஓலையும் மூங்கிலும் கொடுத்தவர்கள் அவர்களே. தனித்தனியே இரக்கம் காட்டியவர்கள், இறைவன் பெயரால் ஒன்று சேர்ந்ததும் அவள் வீடு இடியச் சம்மதித்தார்கள். பாட்டு அதற்குத் தாளம் போட்டது.

5

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் குழியை நிரப்ப வேண்டும், தவறினால் இலாகாவே நிரப்பிச் செலவைக் காண்டிராக்டரிடம் வசூலிக்கும் என்று உத்தரவாயிற்று. ஆனால் மண் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். தீர்த்தத்தில் மண் போட்டவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இதற்கு அதிகாரியின் சட்டத்தில் வழி இல்லை.

வழியைப் போற்றி சொன்னார். முதியவர், ஆறாட்டன்றே அவர் முகம் தெளிவாக இல்லை. விக்கிரகத்தைப் பழுதுபார்க்கும்போது அதிலுள்ள தெய்வ சாந்நித்தியத்தை ஒரு குடத்து நீரில் மாற்றி வைப்போமல்லவா, அதைப் போலவே இந்த நீரில் ஒரு குடம் எடுத்து, சுவாமி என்றும் நீராடிய கடலில் சேர்த்துவிட்டால் மிச்சம் வெறும் மழைத்தண்ணீர் என்றார். கமிட்டியில் எல்லோரும் வர மறுத்தார்கள். மேளக்காரரும் வரவில்லை. போற்றி குடத்தைச் சுமந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தேன். ஊர் கதவை அடைத்துக்கொண்டது. மேடு இல்லாத அந்த வெட்டவெளியில் காற்று விளக்கை அணைத்துக்கொண்டே இருந்தது; நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

பொன்னம்மை சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தாள். கடலை நெருங்கியபோது, "பாடல்லியா ஐயா?" என்று கேட்டாள்.

குரல் எழவில்லை என்றேன்.

"அன்னைக்கு எனக்க வீட்டு நடையில நின்னு கேட்டேன். சாமியே வந்து குளிச்சாரு, இனி கரை இடியாதுன்னு நெனச்சுக் கும்பிட்டேன்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அவளுடைய வழிபாடு வேறு. எங்கள் கோயிலில் அவள் கால் வைத்தவள் அல்லள். ஆயினும் என் பாட்டை நம்பியவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியே. மற்றவர்கள் எதற்காகப் பாடுகிறோம் என்று அறிந்து பாடினார்கள். நீரும் அவன், நிலமும் அவன் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த வாய் என்னுடையது. அந்த நிலம் எங்கே உடைந்து கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்கவில்லை. போற்றி குடத்தைக் கவிழ்த்தார். அலை வந்து அதை வாங்கிக்கொண்டது. நான் வாய் மூடி நின்றேன்.

6

புறப்படும் நாளில் தம்பி பஸ் நிலையத்துக்கு வரவில்லை. இங்கு வந்தபின் நான் எழுதிய கடிதங்களுக்கும் அவனிடமிருந்து பதில் இல்லை. சித்தப்பா ஏன் எழுதுவதில்லை என்று மகன் கேட்கவில்லை. அதைக் கவனிக்கும் அளவுக்கு அவனுக்கு அந்த ஊர் நெருக்கமில்லை.

மார்கழி பிறந்ததும், ஊருக்குப் போயிருந்த துணிக்கடைச் சண்முகம் கப்பலில் திரும்பி வந்தார். அவர் வடசேரிக்காரர். பிஸ்கட் டின் நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, உங்க கொளத்துக்குப் பாதி உசிர் போயாச்சு, பாதி கெடக்கு."

காண்டிராக்டர் ரோட்டுப் பக்கத்திலிருந்து நிரப்பத் தொடங்கினாராம். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கும் பகுதி மைதானம்போல மட்டமாயிற்று. மழையைக் காட்டி இடையில் நிறுத்தினார். நவம்பர் முதல் நாளுக்குப் பிறகு வண்டிகள் வரவே இல்லை. பழைய ராஜ்யத்து உத்தரவு புதிய ராஜ்யத்தில் செல்லாது என்பது அவர் பேச்சு. கச்சேரியில் விசாரித்தால், அந்தக் காகிதங்கள் மலையாளத்தில் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டன, புதிதாக மனுவும் சாட்சி வாக்குமூலமும் வேண்டும் என்கிறார்களாம். சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

தென்கரைப் பக்கம் ஒரு கூடை மண்கூட விழவில்லை. இந்த ஐப்பசியில் கரை இன்னும் சரிந்து, பொன்னம்மை படுக்கும் அறையின் சுவருக்கு வந்துவிட்டது. அவள் சண்முகத்தைத் தேடி வந்து, மலாயாக்காரர் அன்று சொன்னதை ஒருமுறை எழுதித் தருவாரா என்று கேட்டனுப்பியிருந்தாள்.

நம் மொழியில் மனு எழுதலாம் என்று பாயசம் குடித்தவர்கள் நாங்கள். அந்த மொழியில் முதலில் எழுத வேண்டியது இதுதான் என்று அப்போது தெரியவில்லை.

சென்னை மேலிடத்தில் காகிதங்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன என்பதால், தமிழில் நான் எழுதியதை ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்ய மகனைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தோம். ஆறாட்டு என்றால் என்ன, தீர்த்தம் என்றால் என்ன, நீரில் இறங்கிய விக்கிரகத்தால் ஒரு குழி எப்படிக் குளமாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இத்தனை ஆண்டுகள் என்னோடு கோயிலுக்கு வந்தவன், இதையெல்லாம் கேட்டது அன்றுதான். நான் சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் கூசியது.

ஓரிடத்தில் அவன் விரல்கள் நின்றன. குளம் என்று உரிமை கொண்டாடியவர் யார் என்று எழுத வேண்டிய இடம்.

"சித்தப்பா பேரைப் போடணுமாப்பா?"

"போடு."

"அவர் மேல வழக்கு வரலாம்."

"வரலாம். போடு."

தம்பியின் முழுப் பெயரை அவனுக்குச் சொன்னேன். நாங்கள் இருவரும் ஒரே தகப்பனாரின் பெயரை முன்னால் வைத்துக்கொள்பவர்கள். பிறகு, ஆறாட்டு ஊர்வலத்தில் முன்னின்று பாடியவர் என்று போட்டு, அதற்கு நேரே என் பெயரையும் எழுதச் சொன்னேன்.

"இது சட்டத்துக்குத் தேவையில்லையே," என்றான் மகன்.

"அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அவள் கும்பிட்டாள். போடு."

அவன் தட்டினான். தம்பியின் பெயருக்குக் கீழே என் பெயர் வந்தது. நேற்று அதைப் பதிவுத் தபாலில் நாகர்கோவில் கச்சேரிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆறாட்டன்று என் பின்னால் நின்று பாடியவர்கள் இதைப் படிக்கக்கூடும். பொன்னம்மையின் சுவர் அடுத்த மழை வரை நிற்கும் என்று சண்முகம் சொல்கிறார். வாக்குமூலத்தில் என் பெயருக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.